ஓதிய தண்ணீரைக் கொதிக்கவைத்தவள்

"போனாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க நன்னி."

"போனா."

"பெத்த மகளைப் பொண்ணு பாக்க வந்தவுங்க வாசல்ல நிக்கையில, ஒரு டீத்தண்ணி கையில குடுக்காம எறங்கிப் போனாளா, இல்லையா?"

"போனான்னுதானே சொல்றேன். எத்தனை வாட்டி கேப்ப?"

"அப்புறம் எதுக்கு அவளுக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

தெருக்குழாயில் வைத்து பாஸிலா என்னை இப்படித்தான் மடக்கினாள். இந்தத் தெருவில் சின்னவர்களுக்கெல்லாம் நான் நன்னி, பாட்டி. குடம் நிறைந்து வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெருமாயி தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டாள்.

"வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கி வச்சிருக்கா. அந்த நோயி நம்ம புள்ளைகளுக்கு ஒட்டுனா யாரு பதில் சொல்றது?"

"கேன்சர் ஒட்டுற நோயி இல்லடி. உன் பேரன் மூக்குல ஒழுகுது பாரு, அதுதான் அந்தப் புள்ளைகளுக்கு ஒட்டும். அவுகதான் நம்மளப் பாத்துப் பயப்படணும்" என்றேன்.

பெருமாயி பேரனின் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். பாஸிலா போகவில்லை. அவளுக்காக மட்டும் இல்லை, இந்தத் தெருவில் வாய் உள்ள எல்லாருக்காகவும் நர்கீஸின் கதையை முதலில் இருந்து சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பிள்ளை பேச்சைத் திருத்தினாலும் நடந்ததைத் திருத்தாமல் எழுதட்டும்.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கும் நர்கீஸ் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் புருஷன் இஷாக் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவன். மகள் ஹுஸ்னா ஒருத்திதான், காலேஜ் முடித்த பெண். நர்கீஸ் பிரியாணிக் கடைகளுக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துக் கொடுப்பாள். அவள் கையின் நெடியில் மூன்று வீடு தள்ளியும் கண் எரியும். எட்டாவதோடு நின்றவள். ஆளும் குட்டை. கூட்டத்தில் நின்றால் தெரியமாட்டாள். இவளைப் பற்றி ஒருநாள் இப்படிச் சொல்ல உட்காருவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். உரித்த பூண்டைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்கிற நேரத்தில், மதுரை பஸ்ஸில் இருந்து இறங்கிய ஒரு சின்னப் பெண் பிள்ளை அந்தப் பையின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அத்தனை பூண்டும் போச்சு. நர்கீஸுக்கு வந்ததே கோபம்.

"கண்ணு தெரியலையா? புள்ளையப் புடிக்கத் தெரியாதவ எதுக்குப் பஸ்ல ஏத்துற?"

அந்தத் தாய் கீழே உட்கார்ந்து, பூண்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாளாம். அப்போதுதான் நர்கீஸ் பிள்ளையைச் சரியாகப் பார்த்திருக்கிறாள். வாயில் மாஸ்க், கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி, உதடெல்லாம் வெடிப்பு. தாயின் பெயர் தீபா. குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பிள்ளை தேவதர்ஷினிக்கு ஏழு வயசு. ரத்தத்தில் கேன்சர். மதுரை பெரியாஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஊர்ப் பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான்.

நர்கீஸ் அவர்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். ஏன் கூட்டி வந்தாய் என்று நான் அன்றைக்குக் கேட்டேன். பிறகும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று எனக்கு நினைப்பு. அவள் வீட்டில் யாரும் அந்த நோயில் சாகவில்லை. கனவும் காணவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"வெயில்ல உக்காந்திருந்தாங்க பெரியம்மா. நம்ம வீட்டுல பின்னறை சும்மாதானே கெடக்கு."

மருந்து ஏறிய பிறகு பிள்ளைகளுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் இருக்காது. காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தீபாவின் ஊரில் இருந்து அது முடியாது. திண்டுக்கல்லில் இருந்தால் எந்த நேரமும் மதுரைக்குப் பஸ் உண்டு. அதனால் மருந்துக்கும் மருந்துக்கும் நடுவே தாயும் பிள்ளையும் நர்கீஸின் பின்னறையில் தங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பழகிய மற்றத் தாய்மாருக்குத் தீபா சொன்னாள். வேடசந்தூரில் இருந்து ஒரு பிள்ளை, ஒட்டன்சத்திரம் பக்கம் இருந்து ஒரு பிள்ளை என்று வர ஆரம்பித்தார்கள்.

நர்கீஸ் ஒரு நாள் தீபாவோடு மதுரைக்குப் போய், அங்கே இருந்த நர்ஸம்மாவை விடாமல் கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கே வீட்டு நடைமுறை எல்லாம் மாறிவிட்டது. பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வாசலில் சோப்பும் வாளியும் வந்தன. இஷாக் தோல் ஷாப்பில் இருந்து வந்தால் கொல்லைப் பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவன் முணுமுணுத்துக்கொண்டே குளித்தான். சளி பிடித்தவர்களுக்கு வீட்டில் இடம் இல்லை. எனக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது. முப்பது வருஷமாகத் தட்டாமல் நுழைந்த கதவில் என்னை நிறுத்திவிட்டாள்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. இருமல் நிக்கட்டும், வாங்க."

கோபித்துக்கொண்டேன். ஒரு வாரம் பேசவில்லை. அவள் பாட்டுக்குத் தினமும் சுவருக்கு மேலே ஒரு டம்ளர் மிளகு ரசத்தை நீட்டினாள். ரசத்தைக் குடித்தேன், பேசவில்லை.

பிறகு அந்தத் தண்ணீர் விவகாரம். தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பிள்ளைக்குக் கொடு என்று நான்தான் கொண்டுபோனேன். நர்கீஸ் இரண்டு கையாலும் வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிஸ்மி சொன்னாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். பிறகு மூடியைத் திறந்து அப்படியே சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டாள்!

தெருவே கூடிவிட்டது. "அல்லா குடுத்த பரக்கத்தை ஆவியா வெளிய விட்டுட்டா" என்று சொன்னவள் இதே பாஸிலாதான்.

நர்கீஸ் அடுப்பைக் கூட்டிவைத்துவிட்டுச் சொன்னாள்: "அல்லா பேரைச் சொல்லி ஓதுன தண்ணி, கொதிச்சா கெட்டுப் போயிருமா? நெருப்பையும் அவன்தானே படைச்சான்."

கூட்டம் கலைந்துவிட்டது. ஆறிய பிறகு அந்தத் தண்ணீரைத் தேவதர்ஷினி குடித்தாள். தீபாவின் மாமியார் கண்ணம்மாள் பழனியில் இருந்து கொண்டுவந்த திருநீறு, பஞ்சாமிர்தத்துக்கும் அதே கண்டிப்புதான்: கொதிக்காதது பிள்ளை வாய்க்குப் போகாது. திருநீறு நெற்றிக்கு, பஞ்சாமிர்தம் எங்களுக்கு என்று சொல்லி எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள்.

நர்கீஸின் தம்பி ஜெகபர் அலி ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு தடவை ஆயக்குடிப் பக்கம் சவாரி போனவன் ஒரு பை கொய்யாப்பழம் வாங்கி வந்தான். வாசனைக்கே பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பச்சையாகத் தரக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பிள்ளை அழுதாள். நர்கீஸ் இட்லிச் சட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, கொய்யாப்பழத்தை அவித்துவிட்டாள்.

"யக்கா, திண்டுக்கல்லுலயே கொய்யாவ அவிச்ச மொத ஆளு நீதான்" என்றான் ஜெகபர்.

கொழகொழவென்று இருந்ததைத் தேவதர்ஷினி ஒரு வாய் தின்றாள். முகத்தைச் சுளித்தாள். "நல்லாவே இல்ல" என்றாள். செத்த நேரம் கழித்து, "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

எல்லாப் பிள்ளையும் பிழைத்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வேடசந்தூர் மில் தொழிலாளி சோலைமலையின் மகன் ஒருவன், நாலு வயசு. வெங்காயச் சருகை ஊதிப் பறக்கவிட்டுச் சிரிப்பான். ஒருமுறை மதுரைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சேதி வந்த மறுநாள் காலையில் நர்கீஸ் எழுந்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "இன்னிக்கு ஒட்டன்சத்திரத்துப் புள்ள வருது பெரியம்மா" என்றாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருப்பேன். அல்லா இவளை எந்த மண்ணில் செய்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டே என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

தேவதர்ஷினிக்கு இடுப்பு வரைக்கும் முடி. நோய் என்று தெரிந்ததுமே அப்பத்தா கண்ணம்மாள், பிள்ளை பிழைத்தால் அந்த முடியைப் பழனியில் காணிக்கை தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ஆனால் கீமோ மருந்து யாரையும் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. பின்னறைத் தலையணையில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த கண்ணம்மாள் அந்தத் தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சாமிக்கு நேந்த முடி ஆத்தா. மருந்து தின்னுருச்சே" என்றாள்.

மாதங்கள் போயின. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள், ஓடினாள். பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த நோயில் அதுதான் மோசமான காலம் என்று நர்கீஸ் சொல்வாள். மேலே தெரியாது, உள்ளே மிச்சம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து விடாமல் போகவேண்டும், பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று போன தீபாவும் பிள்ளையும் வரவில்லை. தீபாவின் புருஷன் மோகன்குமாரின் போன் அணைந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டாலும் அதே கதை.

நர்கீஸ் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனாள். வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்களாம். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததாம். தலையில் எள்ளு முளைத்த மாதிரி முடி.

மோகன்குமார் சொன்னான்: "காய்ச்சலே இல்லக்கா. ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடுறா. என்ன மருந்து வேண்டிக் கெடக்கு?"

கண்ணம்மாள் சொன்னது வேறு: "மருந்து வேணாம்னு நான் சொல்லலை ஆத்தா. சாமி கடன வச்சுக்கிட்டு வைத்தியம் பாத்தா எப்படிப் பலிக்கும்? முடி கொஞ்சம் வளரட்டும். மொட்டையப் போட்டுட்டு மறுநாளே மதுரைக்கு வாரோம்."

நர்கீஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். நோய் முடி வளரும் வரைக்கும் காத்திருக்காது என்று அழுதிருக்கிறாள். அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அன்னியப் பொம்பள, இம்புட்டுச் செய்யிற. நீ நல்லா இருப்ப" என்று வாழ்த்தி பஸ் ஏற்றிவிட்டாளாம்.

திரும்பி வந்த நர்கீஸ் என்னிடம் சொன்னாள்: "அவுங்க கெட்டவுங்க இல்ல பெரியம்மா. கெட்டவுங்களா இருந்தா சண்டை போட்டுத் தூக்கியாந்திருப்பேன்."

அந்த நாட்களில்தான் ஹுஸ்னாவுக்கு வத்தலக்குண்டில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். எலக்ட்ரிக் சாமான் கடை. பையனுக்குக் கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் யார் வாயோ அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அவங்க வீட்டில் கேன்சர் பிள்ளைகள் தங்குதாமே, பரம்பரையில் ஏதும் உண்டோ என்று மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் கேட்டனுப்பினாள். தரகர் எப்படியோ சமாளித்து, பெண்கள் மட்டும் முதலில் வந்து பார்ப்பது என்று நாள் குறித்தார்.

இஷாக் நர்கீஸிடம் கெஞ்சினான். சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"ஒரு நாள் நர்கீஸு. அந்த ஒரு நாள் மட்டும் நம்ம வீடு நம்ம வீடா இருக்கட்டும்."

"இருக்கும்ங்க. நம்ம மகளுக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

மனசாரத்தான் சொன்னாள். அந்த வாரம் வர வேண்டிய பிள்ளைகளுக்கு மதுரையிலேயே இடம் பார்த்துக் கொடுத்துவிட்டாள். பின்னறையைப் பூட்டினாள். சாம்பிராணி போட்டாள். இனிப்புக்குத் தம் அடை சுட்டாள். அன்றைக்குக் காலையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, இவள் இவ்வளவு அழகா என்று எனக்கே தோன்றியது. ஹுஸ்னா பச்சை நிறத்தில் உடுத்தி, கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். வத்தலக்குண்டுக்காரர்களை பஸ் ஸ்டாண்டில் இருந்து அழைத்துவர ஜெகபர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அப்போது போன் அடித்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரிடமோ போனைக் கேட்டு வாங்கி தீபா பேசினாள். சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, புள்ளைக்கு நேத்துல இருந்து காய்ச்சல். ஈறுல ரத்தம் வருது. காலெல்லாம் நீலம் நீலமா இருக்குக்கா. பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு அங்கருந்தே மதுரைக்குப் போலாம்னு அத்தை சொல்றாங்க. இவரும் சரிங்கிறாரு. திண்டுக்கல்லுல எறங்கி பழனி பஸ்ஸு மாறுவோம்..."

போன் நின்றுவிட்டது.

நர்கீஸ் என் பக்கம் திரும்பினாள். "நோயி திரும்பிருச்சு பெரியம்மா. ரத்தம் உறையிற சத்து கொறஞ்சாத்தான் ஈறுல வரும். அந்தத் தலையில கத்தி பட்டா நிக்காது" என்றாள்.

"ஜெகபரை அங்கேயே பாத்துப் பேசச் சொல்லு" என்றான் இஷாக்.

"நான் சொல்லியே கேக்கல. அவன் சொன்னா கேப்பாங்களா?"

இஷாக் வாசல்நிலையில் கையை வைத்து நின்றான். அவன் கெட்டவன் இல்லை.

"இன்னிக்கு நீ எறங்குனா, உன்னாலதான் இவ கல்யாணம் நின்னுச்சுன்னு ஊரு சொல்லும்."

"ஊரு மட்டுமா? நீங்களும் சொல்லுவீங்க."

"சொல்லுவேன்" என்றான். உண்மையைச் சொன்னான்.

எத்தனையோ பிள்ளைகளின் காய்ச்சலில் நிதானம் தவறாத நர்கீஸ், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி மகளைப் பார்த்தாள். ஹுஸ்னா அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தாள்.

"என்னை ஏம்மா பாக்குற? போகாதன்னு நான் சொன்னா இருந்துருவியா?"

"இருந்துருவேன்டி."

"அதான் சொல்ல மாட்டேன்."

இதைத்தான் இந்தத் தெருவில் யாரும் அறியவில்லை. பெற்றவள் மகளை விட்டுப் போனாள் என்கிறீர்களே, மகள்தான் அனுப்பிவைத்தாள். "அத்தா, கையை எடுங்க" என்றாள். இஷாக் கையை எடுத்தான். "நன்னி, நீங்களும் கூடப் போங்க. பர்ஸக்கூட எடுக்காமப் போகுது பாருங்க" என்று பர்ஸை என் கையில் திணித்தாள்.

நாங்கள் படி இறங்கவும் ஜெகபரின் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய் இறங்கி, பட்டுச் சேலையோடு எதிரே வருகிற நர்கீஸைப் பார்த்து, தன்னை வரவேற்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினாள். நர்கீஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு புள்ளைக்கு உசுரு போற மாதிரி இருக்கு. நான் போயாகணும். என் மக உள்ள இருக்கா. என்னை வச்சு அவளை எடை போடாதீங்க."

கையை விட்டாள், நடந்தாள். ஆட்டோவில் இன்னும் இரண்டு பெண்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இறங்கச் சொல்லி வண்டியைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. தெருமுனையில் வேறு ஆட்டோ பிடித்தோம்.

பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னல் ஓரத்தில் தேவதர்ஷினி. தலையில் விரலில் பிடிக்கிற அளவுக்கு முடி. முகம் மஞ்சளாக இருந்தது. நர்கீஸ் ஏறி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணம்மாளின் காலடியில் பஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலையோடு!

"எந்திரி ஆத்தா, என்ன இது" என்றாள் கண்ணம்மாள்.

"உங்க சாமியப் பத்திப் பேச நான் வரலை. எனக்கு அந்த உரிமை இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நேந்தது யாரு?"

"நான்தான்."

"புள்ளகிட்டக் கேட்டீங்களா?"

"பச்சப்புள்ளகிட்ட என்னத்தக் கேக்க?"

"அப்ப பேசுனது உங்க வாயி. கடன் வாங்குனது நீங்க. புள்ள தலையில இருந்து ஏன் அடைக்கிறீங்க?"

முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். கண்டக்டர், "ஏம்மா, எறங்குறவுங்க எறங்குங்க, வண்டி எடுக்கணும்" என்றான். "செத்த நேரம் சும்மா இருப்பா" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் விசிலை வாயில் வைத்தபடி நின்றான்.

கண்ணம்மாளின் கை மெதுவாக மேலே போய்த் தன் கொண்டையைத் தொட்டது.

"என்னுது நரைச்ச முடி. நேந்தது கறுத்த முடி. சாமி ஏத்துக்குமா?"

நர்கீஸ் அண்ணாந்து அவளைப் பார்த்தாள். ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

தேவதர்ஷினிதான் பேசினாள். "அப்பத்தா, நீ மொட்டையா வருவியா?" என்று கேட்டுச் சிரித்தாள். பல்லெல்லாம் ரத்தம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கண்ணம்மாள் எழுந்துவிட்டாள். மகனின் தோளில் ஓங்கி ஒரு அடி.

"ஏலே மோகா, என்ன பாத்துக்கிட்டு இருக்க? புள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கு. மதுரைக்கு ஓடு."

"நீ?"

"நான் பழனிக்குப் போயிட்டு வாரேன். சாமிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மோகன்குமார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். தீபா அழுதுகொண்டே பின்னால் வந்தாள். அந்தப் பக்கம் மதுரை பஸ் நின்றது. நர்கீஸ் முதலில் ஏறி, ஜன்னலைச் சாத்தி, தன் தலையில் இருந்த மல்லிகையை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே நின்றேன். ஒன்றில் கண்ணம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் நர்கீஸ். ஒருத்தி தன் முடியைக் கொடுக்கப் போகிறாள். இன்னொருத்தி தன் மகளின் நல்ல நாளையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேரும் அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கே பிள்ளைக்கு ரத்தம் ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். நோய் திரும்பியிருந்ததால் மருந்தை முதலில் இருந்து, இன்னும் கடுமையாக ஆரம்பிக்கவேண்டி வந்தது. இன்னும் முடியவில்லை. போன மாதம் எடுத்த சோதனையில் ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அல்லா கையில் இருக்கிறது.

பஸ்கள் போன பிறகு நான் தனியாக வீடு திரும்பினேன். வாசலில் செருப்புகள் இல்லை. விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். கூடத்தில் டீ டம்ளர்கள் பாதி குடித்தபடி இருந்தன. தம் அடையை ஒரு துண்டுகூட யாரும் தொடவில்லை. இஷாக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என்ன சொன்னார்கள் என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஹுஸ்னா வளையலைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். சம்பந்தம் போன பெண்ணுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து ஒன்றிரண்டு வார்த்தை தேடி வைத்திருந்தேன். அதற்கு அவள் இடம் தரவில்லை.

"நன்னி, புள்ள எந்தப் பஸ்ல ஏறுச்சு?"

"மதுரை பஸ்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு அத்தாவுக்குச் சோறு போட உள்ளே போனாள்.